பச்சாயிக்குத் தீனி

திப்பி நாற்றம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது, அதிலேயே ஊறியவள் நான். எங்கள் சேலத்து ஆத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த மருமகள்களைக் கேளுங்கள். முதல் வாரம் சோறு இறங்காமல் அழுதிருப்பார்கள். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடித்து ஜவ்வரிசிக்கு அனுப்பிய பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. அதைக் களத்தில் கொட்டி, கிளறி, காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு ஏற்றிவிடுகிற மேஸ்திரி நான். பெற்றவர்கள் ஆசையாகக் கோகிலவாணி என்று பெயர் வைத்தார்கள். களத்தில் என் வாய்க்குப் பயந்துதான் வேலை நடக்கும். "நுணலும் தன் வாயால் கெடும்டி" என்று அம்மா சாகிற வரைக்கும் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மழைக்காலத்தில் திப்பி காயாது. புளித்து நுரைத்து ஓடையில் இறங்கும். மீன் செத்து மிதக்கும், கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. ஆலைக்காரர்களை ஊர் திட்டும், ஊரை ஆலைக்காரர்கள் திட்டுவார்கள். அப்போதுதான் கருவண்டல் நிறுவனம் வந்தது.

அவர்களோடு வந்தவர் டாக்டர் நிவேதிதா. மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, மண்ணைப் படித்த டாக்டர். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. புளித்துக் கிடந்த ஒரு திப்பிக் குவியல் மேல் ஒரு கை பொடியைத் தூவிவிட்டுப் போனார். அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன், குவியலைக் காணோம். கருகருவென்று மண் கிடந்தது. அள்ளினால் கேழ்வரகுக் களி மாதிரி கையில் நின்றது.

"இது என்னாங்க மேடம், உரமா?"

"உயிருங்க அக்கா. கண்ணுக்குத் தெரியாத கிருமி. திப்பியத் தின்னுட்டு மண்ணாக் கக்கும். நாங்க அத அதுக்குன்னே உருவாக்கியிருக்கோம்."

"திப்பியத் தின்னு தீத்துட்டு எங்களத் தின்னுச்சுன்னா?"

அவர் சிரித்தார். "திப்பி இல்லேன்னா அது செத்துடும். மாவுச்சத்து இல்லாம உயிர் வாழ முடியாதபடிதான் செஞ்சிருக்கோம்."

நாங்கள் அதற்குக் கருப்பி என்று பெயர் வைத்தோம். ரெண்டு வெள்ளாமைக்குள் எங்கள் கல்லாங்காடெல்லாம் வண்டல் பூமி ஆனது. நானே என் அரை ஏக்கரில் மஞ்சள் போட்டேன், அதுவரைக்கும் அதில் கொள்ளுகூட ஒழுங்காக வந்ததில்லை. ஒரே ஒரு வருத்தம், திப்பி முழுக்கக் கருப்பிக்கே போனது. எல்லா ஆலையோடும் கம்பெனி ஒப்பந்தம் போட்டு மொத்தத் திப்பியையும் தன் கைக்குக் கொண்டுபோய்விட்டது. மாடு வைத்திருந்தவர்கள் தீவனம் கிடைக்காமல் ஒவ்வொன்றாக விற்றார்கள். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை, மண் கறுத்த சந்தோஷத்தில் இருந்தோம்.

கருப்பி வெளியே பரவக்கூடாது என்பது சர்க்கார் போட்ட நிபந்தனை. அதனால் எங்கள் கல்லேரிப்பட்டியைச் சுற்றி வேலி போட்டார்கள், ஒரே வாசல் வைத்தார்கள். வெளியே போகிற வண்டி டயரைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். செருப்பைக் கழற்றி மருந்துத் தண்ணீரில் முக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற பெண்டுகளின் கால் கொலுசைக்கூட விடமாட்டார்கள். "ஒரு பொட்டு மண்ணு வெளிய போகக்கூடாது" என்று நிறுவனத்தின் நிர்வாகி பிரபாகர் மைக் பிடித்துப் பேசினார்.

வேலிக்குள்தான் எங்கள் பச்சாயி அம்மன் கோயிலும் இருந்தது. கம்பெனி அதற்கு வாரி வாரி இறைத்தது. நந்தவனத்துக்குக் கருப்பி போட்டு செவ்வரளியும் மல்லிகையும் பூக்கவைத்தது. டியூப்லைட் கொடுத்தார்கள், மணி கொடுத்தார்கள், ஒரு அறை நிறையப் பித்தளைச் சொம்பு கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் 'உபயம்: கருவண்டல் நிறுவனம்'. டியூப்லைட்டில் எழுதின எழுத்து வெளிச்சத்தையே பாதி மறைத்தது. "அம்மன் யாரு, கம்பெனி யாருன்னு தெரியலையே" என்று நான் பூசாரியைக் கேட்டேன். அவர் என்னை முறைத்தார்.

என் தங்கை தேன்மொழியை, எங்களுக்குத் தேனு, விளாத்திகுளம் பக்கம் கீழக்கரிசல்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் காளிராஜ் வகையறா பூர்வீகத்தில் எங்கள் பக்கத்துக்காரர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். குலசாமி மட்டும் இங்கே பச்சாயி. வருஷம் ஒருதரம் வேன் பிடித்து வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள்.

"அம்புட்டுத் தூரம் வருசா வருசம் வர முடியல மதினி" என்றார் காளிராஜ், ஒரு ஆடிப் பொங்கலின்போது. "பிடிமண்ணு எடுத்துட்டுப் போயி எங்க காட்டுலயே அம்மனுக்கு ஒரு பீடம் போடலாம்னு இருக்கோம்."

குலசாமி தூரத்தில் இருந்தால் அந்தக் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய், இருக்கிற ஊரில் வைத்துக் கும்பிடலாம். அந்த மண்ணோடு சாமியும் வந்துவிடுவாள். பூசாரி நந்தவனத்து ஓரம் கடப்பாரையால் தோண்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மண்ணைச் சொம்பில் எடுத்து, மஞ்சள் துணியால் கட்டிக் கொடுத்தார். கொண்டுபோகிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். போய்ச் சேருகிற வரைக்கும் பேசக் கூடாது, சொம்பைத் தரையில் வைக்கக் கூடாது. காளிராஜ் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தார்.

வாசலில் நானும் இருந்தேன். டயரைத் தேய்த்தார்கள். எல்லாருடைய செருப்பையும் முக்கி எடுத்தார்கள். தேனுவின் சேலைக் கரையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஈரத் துணியால் துடைத்தார் வாட்ச்மேன் குப்புசாமி. அப்புறம் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். சொம்பைக் கண்டதும் தன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு சங்கிலியை இறக்கினார். நாங்களும் கும்பிட்டோம். சொம்பில் இருப்பது மண் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிடிமண் போன வருஷம் தேனு காட்டில் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அம்மன் வந்த ராசி என்று ஊரே பேசியது. பீடத்து மண்ணைத் திருநீறு மாதிரி வீட்டுக்கு ஒரு கை வாங்கிப்போய், அவரவர் காட்டில் தூவிக்கொண்டார்கள். அவர்கள் காடும் செழித்தது. என் தங்கை போனில் பூரித்துப் பூரித்துப் பேசினாள்.

மறுவருஷம் விதைத்தது முளைத்து, நாலு இலை விட்டு, வெளுத்துச் சாய்ந்தது. "அக்கா, ஒருதரம் வந்துட்டுப் போயேன்" என்று தேனு கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

போனேன். கரிசல் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மழை பெய்தால் காலைக் கவ்விப் பிடிக்கும். இது அடுப்புச் சாம்பலாக இருந்தது. அள்ளினால் விரல் இடுக்கில் வழிந்து காற்றில் போனது.

"சாணியக் கொட்டுனா மறுநா காணல மதினி" என்றார் காளிராஜ். "வேலிக்கு ஊணுன கம்பு அடி அரிச்சு விழுது. போன வருசத்துச் சோளத்தட்டையில ஒரு சிலும்புகூட மிச்சமில்ல. இந்தப் பூமிக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல."

தேனு என்னைத் தனியாகக் கூட்டிப்போனாள். "சேலத்துக்காரி கொண்டாந்த சாமி ஊரையே தின்னுட்டான்னு பேசுறாங்கக்கா. கொழாயடியில என்கூட ஒருத்தியும் பேசுறதில்ல. வர்ற புரட்டாசியும் போச்சுன்னா நெலத்தப் போட்டுட்டுத் திருப்பூருக்குப் போயிரலாங்குறாரு. இவரு பாட்டன் முப்பாட்டன் உழுத காடுக்கா. என்னாலதான் போச்சுன்னு காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாங்க."

மண்ணை முகர்ந்து பார்த்தேன். புளித்த மாவு நெடி. டிபன் டப்பாவில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு நேரே நிவேதிதாவிடம் வந்தேன்.

அவர் அதைக் கருவியில் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்து மறுபடி பார்த்தார்.

"இது எங்க எடுத்தீங்க?"

"என் தங்கச்சி காட்டுல. விளாத்திகுளத்துக்கு அந்தாண்ட. பிடிமண்ணுல போயிருக்குது மேடம். அங்க ஏது திப்பி? செத்துடும்னு சொன்னீங்களே?"

"லேப்ல செத்துச்சு அக்கா. குடுவையில மாவுச்சத்தத் தவிர வேற ஒண்ணும் இல்ல, அத எடுத்ததும் செத்துச்சு. நிலத்துல வேற சாப்பாடு இருக்கு. காலங்காலமா மக்கின இலை, வேரு, சாணி. அதுதான் மண்ண மண்ணா வெச்சிருக்கு. திப்பி கிடைக்காதப்ப இது அதத் தின்னப் பழகிடுச்சு."

"மொத வருஷம் அப்படி வெளைஞ்சுதே?"

"தின்னும்போது உள்ள இருக்குற சத்தெல்லாம் வெளிய வரும். வீட்டு உத்தரத்த ஒடச்சு அடுப்பெரிச்சா அன்னைக்குச் சோறு நல்லாத்தான் வேகும். மறுநாள் வீடு இருக்காது."

"சரி, இதுக்கு மருந்து?"

"தீனி போடணும். திப்பியோ, மாவுச்சத்து இருக்குற வேற எதுவோ போட்டா அதத் தின்னுட்டு மறுபடி மண்ணக் கட்டும். நிறுத்துனா மண்ணத் தின்னும். நிறுத்தவே முடியாதுக்கா."

"அப்ப எங்க நெலம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க நிலமும் அப்படித்தான். நீங்க இதுவரைக்கும் நிறுத்துனதில்ல, அதனால தெரியல."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "படிச்சவங்கதான நீங்க? இத முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னா? நான் சர்க்கார்ல போய்ச் சொல்றேன்."

"சொன்னா வருவாங்க. முழங்கால் ஆழத்துக்கு மண்ண வறுத்தெடுப்பாங்க. கருப்பி செத்துடும். அப்புறம் அது மண்ணில்ல, செங்கல்லு. உங்க தங்கச்சி காடும்தான்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பேர எங்கயும் சொல்லிடாதீங்க அக்கா. எனக்கும் குடும்பம் இருக்கு."

கையை உதறிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், ஆனால் நானும் சர்க்காரிடம் போகவில்லை. செங்கல்லில் என் தங்கை என்ன விதைப்பாள்?

களத்தில் இருந்து ஒரு லாரித் திப்பி ஏற்றினேன். ஆலை முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். கீழக்கரிசல்பட்டியில் லாரியைக் கண்டதும் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடியது. தேனுவின் காட்டில் இறைத்தோம். ஒரு மழை விழுந்தது. சாம்பல் கறுத்து, கட்டிப்பட்டு, மறுபடி காலில் ஒட்டியது. தேனு அந்த மண் ஒட்டின பாதத்தைக் கழுவவே இல்லை, அப்படியே வீட்டுக்குள் வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

பீடத்துக்கு விளக்குப் போடக் கூப்பிட்டாள். பச்சாயிக்கு முன்னால் அந்தப் பித்தளைச் சொம்பு இருந்தது, புளி போட்டு விளக்கி, பொட்டு வைத்து. விளக்கு வெளிச்சத்தில் எழுத்துப் பளிச்சென்று தெரிந்தது. உபயம்: கருவண்டல் நிறுவனம்.

அந்த எழுத்தை இன்னொருதரம் படித்தேன். கொலுசைத் தேய்த்தவர்கள், சேலைக் கரையைத் துடைத்தவர்கள். பிடிமண் எடுக்கவென்றே ஒரு அறை நிறையச் சொம்பு வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்களேதான். அட பாவிகளா.

ஒரு லோடு திப்பி குறைந்ததைக் கம்பெனி கண்டுபிடிக்காமல் இருக்குமா? அடுத்த வாரமே, நான் தேனு வீட்டில் இருக்கும்போதே, பிரபாகர் கீழக்கரிசல்பட்டிக்கு வந்து இறங்கினார். அதிர்ச்சி இல்லை, கோபம் இல்லை. பீடத்தில் கற்பூரம் ஏற்றினார். ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பேசினார். விளைச்சலில் பாதி கம்பெனிக்கு, காட்டுக்கு வேண்டிய திப்பி கம்பெனி பொறுப்பு. கையெழுத்துப் போட்டால் லாரி வரும். சாம்பலை வைத்துக்கொண்டு என்ன பேரம் பேசுவது? ஊர் மொத்தமும் போட்டது.

நான் அவரைத் தனியாக மறித்தேன். "ஏனுங்க சார், ஒரு பொட்டு மண்ணு வெளிய போகக்கூடாதுன்னு மைக்ல பேசுனது நீங்கதான?"

"நாங்க மண்ண வெளிய விடலயே அக்கா" என்றார் சாந்தமாக. "நீங்க சாமியக் கொண்டு போனீங்க. சாமிய யாரு தடுக்க முடியும்? பச்சாயி இன்னைக்கு எத்தனையோ ஊர்ல குடி போயிருக்காங்க. எல்லா ஊருக்கும் சாப்பாடு அனுப்பணும், அதுக்குத்தான் ஓடிக்கிட்டிருக்கேன்." செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "உங்க தங்கச்சி காட்டுக்கு மட்டும் பாதி விளைச்சல் வேண்டாம், சும்மாவே வண்டி வரும். தடையில்லாம வர்றது உங்க கையிலதான் இருக்கு. நீங்க கொஞ்சம் கூடுதலாப் பேசுவீங்கன்னு கேள்விப்பட்டேன்."

பிரபாகர் சொன்னதை என்னிடம் கேட்டுக்கொண்ட தேனு, பஸ் ஏற்றிவிடும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உன் கால்ல விழுறேன். உன் வாய மட்டும் மூடிக்க. எனக்கு இந்தக் காட்ட விட்டா நாதியில்ல."

"மூடிக்கிறேன் கண்ணு" என்றேன். அப்போது அதை மனசறிந்துதான் சொன்னேன்.

அடுத்த ஆடி வந்தது. கோயிலில் அந்த வருஷம் போல் கூட்டம் நான் பார்த்ததில்லை. வேன் வேனாகச் சனம். ராசியான மண் என்று பேர் பரவிவிட்டது. மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் புதுச் சொம்புகள் அடுக்கி வைத்திருந்தார்கள், வெயிலில் கண் கூசியது. நான் வாசல் பக்கத்துப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமல் இருக்கத்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

ஒரு பெண் வந்து டம்ளரை நீட்டினாள். தேனு வயசுதான் இருக்கும். பின்னால் அவள் வீட்டுக்காரர், வாயில் துணி, கையில் சொம்பு.

"அக்கா, உங்க ஊரு மண்ணு பட்டா வறண்ட காடுகூட வெளையுமாமே? தேனிக்குப் பக்கமுங்க நாங்க. இப்பத்தான் கெணறு வெட்டி, மொதமொதலா வெள்ளாமை வைக்கப் போறோம்."

மோர் ஊற்றினேன். டம்ளர் நிறைந்து என் கையில் வழிந்தது.

"கொண்டு போகாத கண்ணு" என்றேன்.

"என்னங்க்கா?"

"அதுல சாமி இல்ல. கருப்பி இருக்குது. மொத வருஷம் அள்ளிக் குடுக்கும், அப்புறம் உன் மண்ணத் தின்னும். என் தங்கச்சி காடு சாம்பலாப் போச்சு. நான் கண்ணால பாத்தவ. கொண்டு போகாத."

மெதுவாகத்தான் பேச ஆரம்பித்தேன். எனக்கு எங்கே மெதுவாகப் பேச வரும்? மேளத்தையும் தாண்டிக் கேட்டிருக்கிறது. அவளுடைய மாமனார் ஓடிவந்தார். "சாமியப் போய் மண்ணுங்கிறியே, நாக்கு அழுகிப்போகும்" என்றார். வாய் கட்டியிருந்த அவள் புருஷன் பேச முடியாமல் கண்ணை உருட்டினார். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டினார்கள். வாட்ச்மேன் குப்புசாமி போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார்.

அந்தப் பெண் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் புருஷன் கையில் இருந்து சொம்பை வாங்கினாள். கோயிலுக்குள் திரும்பி நடந்தாள். வேப்பமரத்தடியில் மண்ணைக் கொட்டினாள், சொம்பை அங்கேயே கவிழ்த்து வைத்தாள், விழுந்து கும்பிட்டாள். மாமனார் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். வெறுங்கையோடு வேனில் ஏறினார்கள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மற்ற வேன்கள் எல்லாம் சொம்போடு போயின. ஒவ்வொன்றுக்கும் டயரைத் தேய்த்தார்கள்.

அன்று மாலையே எனக்குக் களத்தில் வேலை இல்லை என்றார்கள். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். என் அரை ஏக்கருக்குத் திப்பி நிறுத்துவார்கள், நிறுத்தட்டும் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. எனக்கு வழக்கம்போல வந்தது. அந்த லாரி சத்தம் கேட்கிறபோதெல்லாம், தேனு காட்டுக்கு வண்டி போயிற்றா என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்ன பழமொழியில் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கத்துகிறது ஒரு தவளை, பாம்பு வாயில் போகிறது பக்கத்துத் தவளை.

புரட்டாசியில் தேனு போன் செய்தாள்.

"அக்கா, வண்டி வரல."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மழை எறங்கிருச்சு. வெதச்சது மொளைச்சு நிக்குது. அடி வெளுத்துட்டே வருது." பிறகு கேட்டாள், "பேசிட்டியாக்கா?"

"பேசிட்டேன் கண்ணு."

"எத்தன பேரு கேட்டாங்க?"

"ஒருத்தி."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அவ காடு எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

"தேனிப் பக்கம்னு சொன்னா."

"நல்லாருக்கட்டும்" என்றாள். எந்த மனசோடு அதைச் சொன்னாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்புறம், ஏதோ சமையல் விஷயம் சொல்கிற மாதிரி, "ரேசன் அரிசி மூட்டையப் பிரிச்சுக் காட்டுல எறைச்சுட்டேன்க்கா. ஒரு ஓரமா கறுத்துருக்கு. பிள்ளைங்க கேட்டதுக்கு, பச்சாயிக்குப் படைச்சுட்டேன்னு சொல்லிருக்கேன்" என்றாள்.